பிட்காயின் நோட்: ஒற்றைப் பூட்டைப் பிரித்த கதை

பிட்காயின் என்றவுடன் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் விலைதான். ஏறியதா, இறங்கியதா, வாங்கலாமா, விற்கலாமா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை விலையைப் பற்றியது அல்ல. அந்தப் பணத்தின் கணக்கைச் சரிபார்க்கும் சாஃப்ட்வேர் உள்ளே எப்படி இயங்குகிறது, ஓடிக் கொண்டிருக்கும் அந்த சாஃப்ட்வேரின் உள் அமைப்பைக் கணக்கு தவறாமல் எப்படி மாற்றினார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். புரோகிராமிங் தெரியாதவர்களும் புரிந்து கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். சி++ அல்லது ஜாவா படிக்கும் மாணவர்களுக்கு இதில் கூடுதலாகவே விஷயம் உண்டு.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோகரன்சி என்பது ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2022 ஏப்ரல் 1 முதல், இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி நடைமுறைக்கு வந்துவிட்டது. சொத்து என்றால் அதற்குப் பதிவேடு எங்கே? வீட்டு மனை வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. பிட்காயினுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதே பதிவேட்டின் நகலை வைத்துக் கொண்டு, ஒவ்வொரு புதிய பதிவையும் தாங்களே சரிபார்க்கின்றன. அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடும் சாஃப்ட்வேரில் ஒரு சிறு பிழை இருந்தாலும் அடி வாங்குவது அந்தப் பதிவேடுதான்.

நோட் என்றால் என்ன?

பிட்காயின் நெட்வொர்க்கில் சேர்ந்து கணக்கைச் சரிபார்க்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் நோட் என்கிறோம். சைதாப்பேட்டையில் என் வீட்டு மேசையில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு நோட்தான். இதற்காகப் பெரும்பாலானவர்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேர் பிட்காயின் கோர். இது சி++ மொழியில் எழுதப்பட்டது. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதியவர் 2009 ஜனவரியில் வெளியிட்ட முதல் புரோகிராமின் நேரடி வாரிசு இது. அந்த முதல் பதிப்பு விண்டோஸில் மட்டுமே ஓடியது.

ஒரு நோட் தனியாக இருந்து எதையும் செய்ய முடியாது. மற்ற நோட்களோடு பேசித்தான் புதிய கணக்குகளைப் பெற வேண்டும். அப்படிப் பேசும் எதிர்முனைக் கம்ப்யூட்டருக்கு பியர் என்று பெயர். சாதாரண அமைப்பில் பிட்காயின் கோர் தானாகத் தேடிப் போய் 10 பியர்களுடன் இணைந்து கொள்கிறது. இவற்றில் 8 எல்லாத் தகவல்களையும் பரிமாறிக் கொள்பவை, 2 பிளாக்குகளை மட்டும் பரிமாறிக் கொள்பவை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளையும் அனுமதித்தால் மொத்தம் 125 வரை போகலாம்.

பியர்களை நம்ப முடியாது. யார், எந்த நாட்டில், எந்த எண்ணத்தோடு இணைகிறார்கள் என்பது தெரியாது. எனவே ஒவ்வொரு பியரைப் பற்றியும் நோட் ஒரு குறிப்பு வைத்துக் கொள்கிறது. அதில் என்னென்ன இருக்கும்?

1. இந்த பியருக்குத் தரப்பட்ட வரிசை எண்.
2. இணைந்தபோது, தன்னிடம் எத்தனையாவது பிளாக் வரை இருப்பதாகச் சொன்னது.
3. நாம் எந்தெந்த பிளாக்குகளை இதனிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் எவை வரவில்லை.
4. கடைசியாக பிங் அனுப்பியது எப்போது, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது.
5. தவறான தகவல் அனுப்பித் தொல்லை கொடுத்ததா.

இந்தக் குறிப்பைத்தான் பியர் ஸ்டேட், அதாவது பியரின் நிலை என்கிறோம். நம் கதையின் நாயகன் இதுதான்.

ஒரே புரோகிராம், பல கைகள்

பிட்காயின் கோர் ஒரே புரோகிராம் போலத் தோன்றினாலும், உள்ளே பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு. ஒரு த்ரெட் நெட்வொர்க்கிலிருந்து பைட்களை வாங்கி அனுப்புகிறது. ஒன்று புதிய இணைப்புகளைத் தேடுகிறது. ஒன்று வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் தயாரிக்கிறது. டிஜிட்டல் கையெழுத்துகளைச் சரிபார்க்கத் தனியே சில த்ரெட்கள் உண்டு. நாம் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் அதை நிறைவேற்ற இன்னொன்று.

இவை அனைத்தும் ஒரே மெமரியைப் பகிர்ந்து கொள்கின்றன. பியர் பற்றிய குறிப்பை ஒரு த்ரெட் எழுதிக் கொண்டிருக்கும்போது இன்னொன்று படிக்க வரலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் பெயரில் 40 ரூபாய் பாக்கி எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரரும் அவர் மகனும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். இருவரும் 40 என்று படித்து மனதில் வைத்துக் கொள்கிறார்கள். அப்பா 20 ரூபாய் சேர்த்து 60 என்று எழுதுகிறார். மகனும் தான் கொடுத்த சரக்குக்கு 20 சேர்த்து 60 என்றே எழுதுகிறான். வர வேண்டியது 80. ஆனால் புத்தகத்தில் 60தான் இருக்கிறது. இருவரில் யாரும் கூட்டலில் தவறவில்லை. ஆனாலும் கணக்கு தவறிவிட்டது.

புரோகிராமிங்கில் இதற்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். முன்பு பியரின் தவறுகளுக்குப் புள்ளி போட்டு வந்த இடத்தில் இப்படி நடந்திருந்தால், வெளியேற்ற வேண்டிய பியர் உள்ளேயே தங்கியிருக்கும். இதைவிட மோசமான நிலையும் உண்டு. ஒரு த்ரெட் குறிப்பை அழித்துவிட்ட பிறகு இன்னொரு த்ரெட் அந்த மெமரியைப் படித்தால் புரோகிராமே நின்று போகலாம். இத்தகைய பிழை ஆயிரத்தில் ஒரு முறைதான் தலை காட்டும். உங்கள் கம்ப்யூட்டரில் பரிசோதித்தால் வராது. வேறு யாருடைய கம்ப்யூட்டரிலோ நள்ளிரவில் வரும்.

ஒண்டுக்குடித்தனமும் ஒற்றைச் சாவியும்

இதற்குத் தீர்வு பூட்டு. ஆங்கிலத்தில் லாக் அல்லது மியூடெக்ஸ் என்பார்கள். குறிப்பைத் தொடும் முன் பூட்டை எடுத்துக் கொள்ள வேண்டும், வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டிடம்தான் பூட்டு இருக்கும். மற்றவை காத்திருக்கும்.

சதோஷி எழுதிய புரோகிராமில் மிக முக்கியமான பூட்டின் பெயர் சிஎஸ்-மெயின். சிஎஸ் என்பது கிரிட்டிகல் செக்‌ஷன் என்பதன் சுருக்கம். விண்டோஸில் பூட்டுக்கு வழங்கிய பெயர் அது. புரோகிராம் விண்டோஸைத் தாண்டி லினக்ஸுக்கும் மேக்குக்கும் போன பிறகும் பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது. பிளாக் சங்கிலி, காத்திருக்கும் பரிவர்த்தனைகள், பியர் குறிப்புகள் என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பூட்டுதான் காவல்.

சைதாப்பேட்டை, திருவல்லிக்கேணி பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒன்பது குடித்தனம், கொல்லையில் ஒரே குளியலறை, அதற்கு ஒரே சாவி. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டுமே உள்ளே போகலாம். சண்டை கிடையாது, பாதுகாப்பும் உண்டு. ஆனால் ஒருவர் முகம் கழுவத்தான் சாவியை எடுத்திருக்கிறார் என்றாலும் மற்ற எட்டுக் குடித்தனமும் வரிசையில் நிற்க வேண்டும். அதே சாவிக் கொத்தில் மொட்டை மாடிச் சாவியும் மீட்டர் பெட்டிச் சாவியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். துணி காயப் போட வேண்டியவரும் குளிப்பவருக்காகக் காத்திருப்பார்.

பிட்காயின் கோரிலும் இதுதான் நடந்தது. ஒரு பிளாக்கைச் சரிபார்ப்பது நீண்ட வேலை. அது நடக்கும்போது சிஎஸ்-மெயின் பூட்டு அந்த வேலையிடம் இருக்கும். ஒரு பியருக்கு எத்தனை புள்ளி என்று பார்க்க வேண்டிய சின்ன வேலைகூட அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிளாக்கைச் சரிபார்ப்பதற்கும் அந்தப் புள்ளிக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்றாலும்!

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. இந்தப் பூட்டு ரிகர்சிவ் வகையைச் சேர்ந்தது. அதாவது, ஏற்கனவே சாவி வைத்திருக்கும் த்ரெட் அதே சாவியை மறுபடி கேட்டாலும் கிடைத்துவிடும். வசதிதான். ஆனால், இந்த வரிக்கு வரும்போது நம் கையில் பூட்டு இருக்கிறதா, இல்லையா என்பது எழுதியவருக்கே தெளிவாகத் தெரியாமல் போய்விடும். சந்தேகத்துக்கு இன்னொரு முறை பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் வளர்ந்துவிடும்.

சாவியும் வாளியும்

ஒரே பூட்டு சரியில்லை என்றால் பத்துப் பூட்டுப் போட்டுவிட்டால் போயிற்று என்று நினைக்கலாம். அங்கே வேறொரு பள்ளம் காத்திருக்கிறது.

அதே ஒண்டுக்குடித்தனத்தில் குளியலறைக்கு ஒரு சாவி, பொதுவாக ஒரே ஒரு வாளி என்று வைத்துக் கொள்வோம். குளிக்க இரண்டும் வேண்டும். முதல் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கொண்டு வாளிக்காகக் காத்திருக்கிறார். மூன்றாம் வீட்டுக்காரர் வாளியை எடுத்துக் கொண்டு சாவிக்காகக் காத்திருக்கிறார். கையில் இருப்பதை இருவருமே விடமாட்டார்கள். இனி யாரும் குளிக்கப் போவதில்லை. இதுதான் டெட்லாக். நோட்டில் இது நடந்தால் எர்ரர் செய்தி எதுவும் வராது. திரை அப்படியே இருக்கும். புதிய பிளாக் மட்டும் வராது.

இதற்கு விதி எளிமையானது. யாராக இருந்தாலும் முதலில் சாவி, பிறகு வாளி. எல்லோரும் ஒரே வரிசையில் எடுத்தால் இந்தச் சிக்கல் வரவே வராது. ஆனால் பல ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து எழுதிய பெரிய புரோகிராமில், எல்லோரும் அந்த வரிசையைக் கடைப்பிடிக்கிறார்களா என்பதைக் கண்காணிப்பதுதான் கடினம்.

2020-ல் செய்த மாற்றம்

புரோகிராம் செய்யும் வேலையை மாற்றாமல் அதன் உள் அமைப்பை மட்டும் சீர்திருத்துவதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். பிட்காயின் கோரில் இது பல கட்டங்களாக நடந்தது. 2016 டிசம்பரில், மெயின் என்ற ஒரே பெரிய ஃபைலில் இருந்த புரோகிராம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பிளாக்குகளைச் சரிபார்க்கும் பகுதி ஒரு பக்கம், பியர்களுடன் பேசும் பகுதி மறு பக்கம். ஆனால் பியர் குறிப்புகள் இரண்டு இடத்தில் சிதறிக் கிடந்தன. இணைப்பைக் கவனிக்கும் பகுதியில் சி-நோட் என்ற அமைப்பு இருந்தது. செய்திகளைக் கவனிக்கும் பகுதியில் சி-நோட்-ஸ்டேட் என்ற அமைப்பு இருந்தது. இந்த இரண்டாவது முழுக்க சிஎஸ்-மெயின் பூட்டின் கீழ் இருந்தது.

2020-ல் ஜான் நியூபெரி என்ற டெவலப்பர் ஒரு மாற்றத்தை முன்வைத்தார். பியர் என்ற பெயரிலேயே ஒரு புதிய அமைப்பை உருவாக்குவது, ஒவ்வொரு பியரைப் பற்றிய குறிப்பையும் சிறிது சிறிதாக அதற்குள் கொண்டுவருவது, பெரிய பூட்டை நம்பாமல் அந்தந்தத் தகவலுக்கு ஏற்ற பாதுகாப்பைத் தருவது. முதலில் நகர்த்தப்பட்டது தவறுகளுக்கான புள்ளிக் கணக்குதான். இது 2021 ஜனவரியில் வெளியான 0.21 பதிப்பில் வந்தது. பிறகு வந்த பதிப்புகளில் மற்ற தகவல்களும் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டு மறுபடி கட்டவில்லை என்பதைக் கவனிக்கவும். வீட்டில் குடியிருந்து கொண்டே ஒவ்வோர் அறையாக வெள்ளையடிப்பது போல வேலை நடந்தது. இடம் மாற்றும் வேலை தனிப் படியாகவும், செயலை மாற்றும் வேலை தனிப் படியாகவும் வைக்கப்பட்டன. அப்போதுதான் சரிபார்ப்பவர், இந்தப் படியில் வரிகள் இடம் மட்டும்தான் மாறியிருக்கின்றன என்று உறுதி செய்து கொள்ள முடியும்.

நான்கு வகைத் தகவல்கள்

இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிந்தது, ஒவ்வொரு தகவலையும் எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் முறை. நீங்கள் எந்த மொழியில் பல த்ரெட் புரோகிராம் எழுதினாலும் இது உதவும்.

1. மாறாத தகவல்: பியரின் வரிசை எண் ஒரு முறை கொடுத்தால் மாறாது. மாறாததை எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். பூட்டே தேவையில்லை. மாறாது என்பதை கான்ஸ்ட் என்று அறிவித்துவிட்டால் கம்பைலரே காவல் காக்கும்.

2. ஒற்றைத் தகவல்: ஒரு எண் அல்லது ஆம், இல்லை என்ற ஒரு குறி. இதற்கு அட்டாமிக் வகை போதும். படிப்பதும் எழுதுவதும் இடையில் உடையாமல் ஒரே செயலாக நடக்கும். எடுத்துக்காட்டாக, நீங்கள் கட்டளைத் திரையில் பிங் என்று கொடுத்தால், அந்தத் த்ரெட் நேராக பிங் அனுப்புவதில்லை. ஒவ்வொரு பியர் குறிப்பிலும் பிங் அனுப்ப வேண்டும் என்ற குறியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறது. செய்திகளைக் கவனிக்கும் த்ரெட் தன் முறை வரும்போது குறியைப் பார்த்து அனுப்புகிறது. ஒருவர் சீட்டு எழுதி வைக்கிறார், மற்றவர் பார்த்துச் செய்கிறார்.

3. சேர்ந்து மாறும் தகவல்கள்: ஒரு பட்டியலும் அதைச் சார்ந்த எண்ணும் எப்போதும் ஒத்துப் போக வேண்டும் என்றால் அட்டாமிக் போதாது. இரண்டு அட்டாமிக் தகவல்களை அடுத்தடுத்து மாற்றும் இடைவெளியில் வேறொரு த்ரெட் உள்ளே எட்டிப் பார்த்துவிடும். இங்கே அந்தத் தொகுதிக்கு மட்டும் ஒரு சிறிய பூட்டுப் போட வேண்டும். பியருக்கு அனுப்ப வேண்டிய பிளாக் பட்டியலுக்கு இப்படித் தனிப் பூட்டு உண்டு.

4. ஒரே த்ரெட் மட்டும் தொடும் தகவல்: இதற்குப் பூட்டுத் தேவையில்லை என்று தோன்றும். உண்மைதான். ஆனால் நாளை வேறொருவர் வந்து, தெரியாமல் இன்னொரு த்ரெட்டிலிருந்து அதைத் தொட்டுவிடலாம். 2022-ல் இதற்காகவே ஒரு பூட்டு சேர்க்கப்பட்டது. செய்திகளைக் கவனிக்கும் த்ரெட் மட்டுமே தொடக்கூடிய தகவல்கள் எவை என்று காட்டும் அறிவிப்புப் பலகைதான் அதன் முக்கிய வேலை.

முதலில் வகையைத் தீர்மானியுங்கள். பூட்டுத் தானாகத் தெரியும்.

போய்விட்ட பியரின் குறிப்பை யார் அழிப்பது?

பியர்கள் வந்து போய்க் கொண்டே இருப்பவை. ஒரு த்ரெட் ஒரு பியரின் குறிப்பைப் படித்துக் கொண்டிருக்கும் அந்த நொடியிலேயே இணைப்பு அறுந்து, இன்னொரு த்ரெட் குறிப்பை அழித்துவிட்டால் என்ன ஆகும்? முன்பு சொன்ன, புரோகிராம் நின்று போகும் நிலைதான்.

புதிய அமைப்பில் இதை இப்படிக் கையாள்கிறார்கள். எல்லா பியர்களின் பட்டியலுக்கும் ஒரு சிறிய பூட்டு. குறிப்பு வேண்டிய த்ரெட் அந்தப் பூட்டை எடுத்து, வரிசை எண்ணை வைத்துத் தேடி, ஷேர்டு பாயின்டர் ஒன்றை வாங்கிக் கொண்டு, உடனே பூட்டை விட்டுவிடுகிறது. ஷேர்டு பாயின்டர் என்பது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கொண்டே இருக்கும் ஒரு சுட்டி. பியர் போய்விட்டால் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் நீக்கப்படும். கடைசியாகப் பிடித்திருப்பவர் விட்ட பிறகுதான் மெமரி அழிக்கப்படும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பட்டியலில் தேடும்போது அந்த பியர் ஏற்கனவே போயிருக்கலாம். எனவே, கிடைத்ததா, இல்லையா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். இல்லை என்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இந்த ஒரு சோதனையை விட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண்.

கம்பைலரே காவல்காரர்

மனிதர்களின் கவனத்தை மட்டும் நம்பி இவ்வளவு பூட்டுகளைக் கையாள முடியாது. மூன்று கருவிகள் துணைக்கு இருக்கின்றன.

முதலாவது, கிளாங் கம்பைலரில் உள்ள த்ரெட் பாதுகாப்புச் சோதனை. ஒவ்வொரு தகவலின் பக்கத்திலும், இது இந்தப் பூட்டின் காவலில் உள்ளது என்று எழுதி வைக்கலாம். பூட்டை எடுக்காமல் அதைத் தொடும் வரி எங்காவது இருந்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் எச்சரிக்கும்.

இரண்டாவது, பூட்டு வரிசைச் சோதனை. டெவலப்பர்கள் பயன்படுத்தும் சிறப்புப் பதிப்பில், எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டு எடுக்கப்பட்டது என்று புரோகிராம் குறித்துக் கொண்டே வரும். ஒரு முறை சாவி, வாளி என்றும் இன்னொரு முறை வாளி, சாவி என்றும் எடுத்திருந்தால், டெட்லாக் உண்மையில் நடக்காவிட்டாலும் அங்கேயே நிறுத்திக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது, த்ரெட் சானிடைசர். இது புரோகிராம் ஓடும்போதே மெமரியை யார் எப்போது தொடுகிறார்கள் என்று கவனித்து, ரேஸ் கண்டிஷனைக் கண்டுபிடிக்கும். வேகம் பல மடங்கு குறையும் என்பதால் பரிசோதனைக்கு மட்டுமே பயன்படும்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

ஒரு சாதாரண சாஃப்ட்வேரில் பிழை வந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக் கொள்ளலாம். இங்கே அப்படி விட முடியாது என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

2013 மார்ச்சில், 0.8 பதிப்பு தன் டேட்டாபேஸை பெர்க்லி டிபியிலிருந்து லெவல் டிபிக்கு மாற்றியிருந்த சமயம். பழைய டேட்டாபேஸில் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய லாக்குகளுக்கு ஒரு வரம்பு இருந்தது. அது யார் கவனத்திலும் இல்லை. அந்த வரம்பைத் தாண்டும் ஒரு பெரிய பிளாக் வந்தபோது புதிய பதிப்புகள் ஏற்றுக் கொண்டன, பழைய பதிப்புகள் மறுத்தன. பதிவேடு சில மணி நேரம் இரண்டாகப் பிளந்து நின்றது. மைனர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகுதான் மீண்டும் ஒன்று சேர்ந்தது.

2017 மார்ச்சில் வெளிவந்த 0.14 பதிப்பில், வேகத்துக்காக ஒரு சோதனை தவிர்க்கப்பட்டது. ஒரே காசை ஒரே பரிவர்த்தனையில் இரண்டு முறை செலவழிக்கிறார்களா என்று பார்க்கும் சோதனை அது. வேறு இடத்தில் எப்படியும் சோதிக்கிறோமே என்று நினைத்தார்கள். அதனால் ஒரு தவறான பிளாக் மூலம் நோட்களை நிறுத்த முடியும், சில பதிப்புகளில் இல்லாத காசையே உருவாக்க முடியும் என்பது 2018 செப்டம்பரில்தான் தெரிய வந்தது. நல்ல வேளையாக, பிட்காயினில் யாரும் இதைப் பயன்படுத்தும் முன் 0.16.3 பதிப்பு வந்து சரி செய்தது.

மூன்றாவது நம் தலைப்புக்கே நேரடியானது. ஒரு பியரிடம் நாம் ஒரு பிளாக்கைக் கேட்டுக் காத்திருக்கிறோம். அதற்குள் வேறொரு பியர், அதே பிளாக்கின் சிதைந்த நகல் ஒன்றைக் கேட்காமலே அனுப்புகிறது. பழைய பதிப்புகளில் இது முதல் பியரின் டவுன்லோட் குறிப்பைக் கலைத்துவிடும். நல்ல பியரிடமிருந்து மீதி வந்தாலும் நோட் அதைக் கண்டு கொள்ளாது. புதிய பிளாக் வந்து சேர்வது தாமதமாகும். இங்கே பூட்டு சரியாகவே இருந்தது, குறிப்பின் எல்லைதான் தவறு. ஒரு பியர் தன் குறிப்பை மட்டுமே மாற்ற முடியும் என்ற விதியோடு 2023 மே மாதம் வந்த 25.0 பதிப்பு இதைச் சரி செய்தது. பெரும்பாலானவர்கள் புதிய பதிப்புக்கு மாற அவகாசம் கொடுத்த பிறகு, 2024 அக்டோபரில்தான் விவரம் வெளியிடப்பட்டது. பழைய பதிப்பையே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு தகவல் யாருக்குச் சொந்தம், யார் அதைத் தொடலாம் என்பது புரோகிராமில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், பூட்டும் எளிதாகிறது, பாதுகாப்பும் கிடைக்கிறது. ரீஃபாக்டரிங்கின் உண்மையான லாபம் இதுதான். வேகம் கூடுதல் லாபம்.

நீங்களே பார்க்கலாம்

1. பிட்காயின்கோர் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டுமே சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்திடுங்கள். வேறு தளங்கள் வேண்டாம்.

2. முழுப் பதிவேட்டுக்கு இப்போது 600 ஜிபிக்கும் மேல் இடம் வேண்டும். ஹார்ட் டிஸ்கில் இடம் இல்லை என்றால், முதல் முறை திறக்கும்போதே பிளாக் சேமிப்பைக் குறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். ஆனாலும் முதல் முறை முழுவதையும் டவுன்லோட் செய்துதான் சரிபார்க்கும். உங்கள் இன்டர்நெட் இணைப்பின் மாத அளவைப் பார்த்துக் கொள்ளுங்கள். சில நாட்கள் ஆகலாம்.

3. விண்டோ மெனுவில் பியர்ஸ் என்பதில் கிளிக் செய்திடுங்கள். இணைந்துள்ள பியர்கள் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதன் குறிப்பு வலப்பக்கம் விரியும்.

4. அதே மெனுவில் கன்சோல் திறந்து, பிங் என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கன்சோலில் null என்று மட்டுமே வரும். ஆனால் பியர்ஸ் பட்டியலில் பிங் நேரங்கள் சற்று நேரத்தில் மாறும். சீட்டு எழுதி வைக்கும் முறை என்று மேலே சொன்னது இதுதான்.

5. மின்தடை அடிக்கடி வரும் பகுதி என்றால் யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் வைத்துக் கொள்ளுங்கள். திடீரென்று நின்றால் கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி கணக்குப் போட நேரம் பிடிக்கும்.

நோட் ஓட்டுவதால் வருமானம் எதுவும் வராது. பிட்காயின் வாங்கவும் தேவையில்லை. ஒரு காசும் இல்லாமலே பதிவேட்டை நீங்களே சரிபார்க்கலாம்.

பிட்காயின் கோரில் இந்த வேலை இன்னும் முடியவில்லை. சிஎஸ்-மெயின் பூட்டு இன்றும் இருக்கிறது. சி-நோட்-ஸ்டேட் அமைப்பில் இன்னும் சில தகவல்கள் மிச்சம் இருக்கின்றன. செய்திகளைப் படிக்கும் த்ரெட்டும் ஒன்றுதான். புரோகிராமின் ஒவ்வொரு வரியும் எல்லோரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. கல்லூரி புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், பியர் அமைப்பு உள்ள பகுதியைத் திறந்து, ஒவ்வொரு தகவலும் மேலே சொன்ன நான்கு வகைகளில் எதில் சேரும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதன் பிறகு நீங்கள் எழுதிய புரோகிராமையும் அதே தாளின் மறுபக்கத்தில் பட்டியலிடுங்கள். எந்த வகை என்று எழுத முடியாமல் கை நிற்கும் இடத்திலிருந்தே உங்கள் ரீஃபாக்டரிங்கைத் தொடங்கலாம்.